காசில்லாமல் காட்டில் ஓர் இரவு



விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்காவது கூட்டிச் செல்ல வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் கணக்குப் பார்ப்பவர் யார்? நீங்கள்தானே! வாகனக் கூலி இவ்வளவு, தங்குமிடத்துக்கு இவ்வளவு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விரல் மடித்துக் கூட்டிப் பார்த்து, "இந்த முறை வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிவிட வேண்டியதாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் இல்லத்தரசிகளுக்கு இதே கணக்குத்தான். அங்கே ஹோட்டல் அறையின் ஒரு இரவு வாடகையில் ஒரு குடும்பத்தின் பல நாள் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

ஆனால் அந்த நாட்டில், தங்குவதற்கு ஒரு சதமும் கொடுக்காமல் பிள்ளைகளோடு நான்கைந்து நாட்களைக் கழித்துவிட்டு வருவதற்கும் ஒரு வழி இருக்கிறது. அறை இல்லை, கதவு இல்லை, பைப் இல்லை, மலசலகூடமும் இல்லை. காடு மட்டும் இருக்கிறது. 'டிஸ்பேர்ஸ்ட் கேம்பிங்' என்று அதற்குப் பெயர். எல்லோரும் ஒரே இடத்தில் கூடாமல், காட்டில் ஆங்காங்கே பிரிந்து கூடாரம் அடித்துத் தங்குவது என்று அர்த்தம். நாம் இங்கே அதைக் காட்டு முகாம் என்றே சொல்லிக்கொள்வோம்.

உங்களில் பலருக்கு மகனோ மருமகளோ மச்சியோ அந்தப் பக்கம் இருக்கக்கூடும். அவர்கள் டெலிபோனில் "நாங்கள் காட்டுக்குப் போய்வந்தோம்" என்று சொன்னால், அது என்ன காடு, அங்கே எப்படிச் சமைத்தார்கள், இரவில் எப்படித் தூங்கினார்கள் என்றெல்லாம் உங்களுக்குக் கேள்வி எழும். அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

யாருடைய காடு?

அமெரிக்காவில் 'தேசிய பூங்கா' வேறு, 'தேசிய வனம்' வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கிராண்ட் கேன்யன், யெலோஸ்டோன் போன்றவை தேசிய பூங்காக்கள். அவற்றுக்குள் நினைத்த இடத்தில் படுத்துவிட முடியாது. முன்கூட்டியே இடம் பதிந்து, அனுமதி எடுத்து, பெரும்பாலும் பணமும் கட்ட வேண்டும். தேசிய வனம் அப்படியல்ல. அது விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் வன சேவையின் பொறுப்பில் இருக்கிறது. விவசாயத்துக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? மரத்தையும் ஒரு பயிராகப் பார்த்த காலத்தில் செய்த ஏற்பாடு அது. 1905ஆம் ஆண்டு வன சேவையை அமைத்தபோது கிஃபோர்ட் பின்ஷோ என்பவர் அதன் முதல் தலைவரானார். காட்டைப் பூட்டிவைக்காமல், அழித்துவிடாமலும், பல தேவைகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால் அந்த வனங்களில் இன்றும் மரம் வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். பொதுமக்கள் போய்ப் படுத்துறங்கவும் செய்கிறார்கள்.

154 தேசிய வனங்கள் இருக்கின்றன. புல்வெளிகளையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 19 கோடி 30 இலட்சம் ஏக்கர். நமது முழு இலங்கையையும் போலக் கிட்டத்தட்ட 12 மடங்கு! நாட்டின் பிரஜைகள் எல்லோருக்கும் சொந்தமான நிலம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மலைகளுக்கும் ஆறுகளுக்கும் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அரிசோனாவின் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் ஹோபி, நவஹோ ஆகிய பூர்வகுடி மக்களுக்கு இன்றும் புனிதமானவை. அந்த மலைகள் கொக்கோனினோ என்ற தேசிய வனத்துக்குள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் மீண்டும் அங்கேதான் வரப்போகிறோம்.

இலவசம் என்றால் விதியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு வனத்துக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. பல வனங்களில் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க முடியாது, சில இடங்களில் 16 நாட்கள். வாகனத்தை எந்தக் காட்டு வீதியில் கொண்டுபோகலாம், வீதியை விட்டு எத்தனை அடி உள்ளே நிறுத்தலாம் என்பதையெல்லாம் காட்டும் வரைபடம் ஒன்றை வன சேவை இலவசமாகத் தருகிறது. ஏற்கனவே யாரோ தங்கிப் புல் தேய்ந்த இடத்திலேயே கூடாரம் அடிக்க வேண்டும். புதிய இடத்தைக் கெடுக்கக் கூடாது. ஓடையிலிருந்தும் குளத்திலிருந்தும் குறைந்தது 100 அடி, முடிந்தால் 200 அடி தள்ளி இருக்க வேண்டும். காட்டு மிருகங்களுக்கும் அந்தத் தண்ணீர்தானே கதி? நாம் கரையில் குந்திக்கொண்டால் மான் எப்படி இறங்கி வரும்!

தண்ணீரில் தொடங்குகிறது எல்லாம்

வீட்டில் ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் அடுப்படி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். காட்டு முகாமில் எல்லா நாளும் அந்த நாள்தான்! ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 4 லீற்றர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் அது போதும். கழுவுவதற்கும் சேர்த்தால் இன்னும் கூடும். உம்மா, வாப்பா, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் மூன்று நாள் தங்கினால் 60 லீற்றர். வாகனத்தின் பின்பக்கத்தில் பாதியைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும்.

ஓடைத் தண்ணீர் பளிங்குபோல் தெரியும். அதை நம்பி ஏமாறக் கூடாது. ஜியார்டியா என்ற நுண்ணுயிர் அந்தத் தெளிந்த நீரிலும் இருக்கும். வயிற்றில் போனால் வாரக்கணக்கில் வயிற்றோட்டம். சிறு பிள்ளைகளை அது வாட்டி எடுத்துவிடும். கொதித்துக் குமிழி விட்ட பிறகு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். 6,500 அடிக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிடம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதுதான் காரணம். மலையில் பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். ஆகவே அனுபவப்பட்டவர்கள் வீட்டிலேயே கறியைச் சமைத்து உறையவைத்து, அதையே குளிர்பெட்டிக்கு ஐஸ்கட்டியாகவும் பயன்படுத்துகிறார்கள். முதல் நாள் உறைந்த இறைச்சிக் கறி, இரண்டாம் நாள் முட்டை, மூன்றாம் நாள் டின் மீனும் பாணும். இந்த வரிசையை மாற்றினால் இறைச்சி பழுதாகிவிடும்.

சட்டி கழுவும் தண்ணீரை ஓடையில் ஊற்றக் கூடாது. "இயற்கைச் சவர்க்காரம்" என்று எழுதியிருந்தாலும் ஓடைக்குள் கழுவக் கூடாது. ஒரு பேசினில் தண்ணீரை அள்ளி 200 அடி தள்ளிப் போய்க் கழுவி, சோற்றுப் பருக்கைகளை வடித்தெடுத்துப் பையில் போட்டு, மிச்சத் தண்ணீரை மண்ணில் பரவலாக வீசிவிட வேண்டும். குளிப்பதும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது என்று கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டவே கூடாது. கூடாரத் துணி தீப்பிடிப்பது ஓர் ஆபத்து. அதைவிடப் பெரியது, மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிற பிள்ளை தூங்கியபடியே போய்விடும்.

கூச்சப்படாமல் பேச வேண்டியது

மலசலகூடம் இல்லாத இடத்தில் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்வியை எல்லாப் பெண்களும் மனதில் கேட்பார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாம் கேட்டுவிடுவோம்.

சிறு மண்வெட்டி ஒன்று கொண்டுபோக வேண்டும். தண்ணீர், நடைபாதை, முகாம் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் ஒருவரின் ஏறத்தாழ 70 எட்டு, தள்ளிப்போய் 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டிக் காரியம் முடிந்ததும் மண்ணால் மூடிவிட வேண்டும். அந்த ஆழத்தைச் சும்மா சொல்லவில்லை. மேல்மண்ணில்தான் அழுக்கைச் சிதைக்கும் கிருமிகள் அதிகம் வாழ்கின்றன. அதைவிட ஆழமாகத் தோண்டினால் அழுக்கு அப்படியே கிடக்கும், மேலாகப் புதைத்தால் மிருகங்கள் கிளறிவிடும். மறைவுக்காக, குடைபோல் விரியும் ஒரு சிறு கூடாரம் அங்கே கடைகளில் கிடைக்கிறது. பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம் என்பேன்.

குழந்தையின் பம்பர்ஸ், மாதவிடாய் நாட்களில் பயன்படுத்தியவை, ஈரத் துடைப்பான் தாள்கள் ஆகியவற்றைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வீட்டுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். மலசலகூடத் தாளையும் அப்படிக் கொண்டுவருவதே நல்லது. "சீ! அதைப் போய்ச் சுமந்துகொண்டு வருவதா?" என்று முகம் சுளிக்கிறீர்கள் அல்லவா? பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அங்கேயே கொளுத்திவிட்டால் சுத்தம் என்று நினைக்கிறார்கள்.

2022 ஜூன் மாதம் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்துக்கு வடக்கே, நாம் மேலே சொன்ன அதே சிகரங்களின் அடிவாரத்தில் முகாமிட்டிருந்த ஒருவர் அதைத்தான் செய்தார். தாளை லைட்டரால் கொளுத்திக் கல் ஒன்றின் அடியில் வைத்துவிட்டு வந்தார். அந்த நேரம் காட்டில் நெருப்பு மூட்டத் தடை இருந்தது. அறிவித்தலைத் தாம் பார்க்கவில்லை என்று பின்னர் அதிகாரிகளிடம் அவர் சொன்னார். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து புகை எழுந்தது. 26,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 'பைப்லைன் தீ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். ஒரு துண்டுத் தாள், சகோதரிகளே!

அணைந்ததுபோல் தெரியும் நெருப்பு

அமெரிக்காவில் மூளும் காட்டுத்தீக்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மனிதரால்தான் மூளுகின்றன. மின்கம்பி, வாகனப் பொறி, சிகரெட், குப்பை எரிப்பு என்று பல காரணங்கள். முகாமிட்டவர்கள் விட்டுச் சென்ற நெருப்பும் அவற்றில் ஒன்று.

2011ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கிழக்கு அரிசோனாவில் இரண்டு ஆண்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், காட்டில் இரவு தங்கினார்கள். காலையில் நெருப்பு அணைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மிட்டாய்த் தாளை அதில் போட்டுப் பார்த்தார்கள். தாள் எரியவில்லை. சரி, அணைந்துவிட்டது என்று நடந்துபோய்விட்டார்கள். காற்று எழும்பியது. சாம்பலுக்கு அடியில் உயிரோடிருந்த தணல் பக்கத்துப் புல்லுக்குத் தாவியது. 'வொலோ தீ' என்று அழைக்கப்பட்ட அது 5 இலட்சத்து 38 ஆயிரம் ஏக்கரை எரித்து, அரிசோனாவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாகப் பதிவாகியது. நமது கண்டி மாவட்டம் முழுவதையும் விடப் பெரிய பரப்பு! இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 37 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு கட்டும்படி நீதிமன்றம் பணித்தது. கெட்ட எண்ணம் கொண்டவர்களல்ல. அணைந்துவிட்டதா என்று பார்க்கவும் செய்தவர்கள். பார்த்த விதம்தான் போதவில்லை.

விறகடுப்பில் சமைத்துப் பழகிய நம் வீட்டு மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. இரவு சாம்பலால் மூடிவைத்த தணல் காலையில் ஊதினால் எழும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுப்படியில் அது வசதி. காட்டில் அதுவே ஆபத்து. வன சேவை சொல்லும் முறை இது: வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மண்வெட்டியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். சீறும் சத்தம் நிற்கும்வரை விடக் கூடாது. பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. மண்ணுக்கடியில் வேர்களைப் பிடித்துக்கொண்டு நெருப்பு நாட்கணக்கில் ஊரும்.

ஆகவே குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரோடு அணைப்பதற்கும் தனியாகத் தண்ணீர் வேண்டும். அது இல்லையென்றால் நெருப்பு மூட்டாதீர்கள். எரிவாயு அடுப்பு போதும். தேநீரும் அதில் விரைவாகக் கொதிக்கும், பானையும் கரி பிடிக்காது! கலிபோர்னியாவில் தேசிய வனத்தின் காட்டுப் பகுதியில் அந்த எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கவே அனுமதிப் பத்திரம் வேண்டும். இலவசமாகத்தான் தருகிறார்கள், ஆனால் கையில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து விறகு கட்டிக்கொண்டு போவதும் கூடாது. விறகுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போய் மரங்களை அழிக்கின்றன. 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு அப்படிப் பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது.

நெருப்பு விட்டதை மழை எடுத்தது

மேலே சொன்ன இரண்டு தீக்களுக்கும் முன்னர் ஒன்று நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனமில்லை.

2010 ஜூன் 20ஆம் திகதி, ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் மேலே அதே சிகரங்களின் சரிவில், யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து தீ பரவியது. 'ஷுல்ட்ஸ் தீ'. காற்று வேகமாக வீசிய நாள் அது. 15,000 ஏக்கர் எரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். தீயணைப்பு வீரர்கள் போராடி ஊருக்குள் தீயை வரவிடாமல் தடுத்தார்கள். ஒரு வீடுகூட எரியவில்லை. மக்கள் வீடு திரும்பினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. மரமும் புல்லும் எரிந்த செங்குத்தான சரிவில் மண் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கடுந்தீயில் வெந்த மண்ணில் ஒரு மெழுகுப் படலம் உண்டாகிறது. அது தண்ணீரை உறிஞ்சாது. எண்ணெய் பூசிய தாச்சியில் தண்ணீர் ஓடுவதுபோல் மழை அப்படியே வழிந்தோடும். அரிசோனாவில் ஜூலை மாதம் பருவமழைக் காலம். தீ மூண்டு சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20ஆம் திகதி, மலையில் கனமழை கொட்டியது. சாம்பலும் கல்லும் கருகிய மரங்களுமாக வெள்ளம் அடிவாரக் குடியிருப்புகளுக்குள் இறங்கியது. அதில் அள்ளுண்டு 12 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி உயிரிழந்தாள்.

அந்த நெருப்பை மூட்டியவருக்கு இந்தப் பிள்ளையைத் தெரிந்திருக்காது. ஒருவேளை குளிர்காயத்தான் மூட்டியிருப்பார். ஃபிளாக்ஸ்டாஃப் நமது நுவரெலியாவை விட உயரமான இடம். ஜூன் மாதத்திலும் இரவு நடுக்கும். பின்னர் பைப்லைன் தீ வந்தபோது அதே மலை மீண்டும் எரிந்து, அந்தக் கோடையில் அதே குடியிருப்புகளில் மறுபடியும் வெள்ளம் புகுந்தது. வீடுகளைச் சுற்றி மணல்மூட்டைகளை அடுக்கிக்கொண்டு மக்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதனால்தான் வரண்ட காலத்தில் வன சேவை முதலில் நெருப்புக்குத் தடை போடும், நிலைமை முற்றினால் காட்டையே மூடிவிடும். 2020 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் 18 தேசிய வனங்களையும் மூடினார்கள். பிள்ளைகளோடு பல மணி நேரம் வாகனம் ஓட்டிப் போனவர்கள் தடுப்புக் கம்பத்தைக் கண்டு திரும்பியபோது எரிச்சல்பட்டிருப்பார்கள். அந்த 12 வயதுப் பிள்ளையை நினைத்தால் மூடியது சரியென்றே எனக்குப் படுகிறது.

கரடியும் பிள்ளைகளும்

கரடிக்குப் பயந்து போகாமல் இருப்பவர்கள் பலர். கரடியை ஈர்ப்பது மனிதரல்ல, மணம். கறி மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், குழந்தைக்குப் பூசும் கிறீம் எல்லாமே அதற்குச் சாப்பாடாகத்தான் மணக்கும். இவை எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. பூட்டிய வாகனத்திலோ, கரடி திறக்க முடியாத பெட்டியிலோ வைக்க வேண்டும். மொன்டானா, வயோமிங் போன்ற மாநிலங்களில் பெரிய கிரிஸ்லி கரடிகள் வாழும் வனங்களில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட வேண்டியதாகிவிடும்.

கரடியைவிட நான் அஞ்சுவது பட்ட மரங்களுக்கு. தலைக்குமேல் காய்ந்து தொங்கும் கிளைக்கு அங்குள்ள மரம்வெட்டிகள் 'விதவையாக்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே போதும்! கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். வரண்ட ஓடைப் படுகையில் மணல் மெத்தைபோல் இருக்கும், அங்கே படுக்கக் கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை நள்ளிரவில் அந்த வழியாக வரும்.

பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு விசில் கட்டிவிடுங்கள். வழி தவறினால் நடக்காமல் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்று ஊத வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். பல இடங்களில் கையடக்கத் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. ஆகவே எந்தக் காடு, எந்த வீதி, எந்த நாள் திரும்புவோம் என்று எழுதி ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இலையுதிர் காலம் வேட்டைக் காலம். அப்போது போவதென்றால் எல்லோருக்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு வேண்டும்.

பதினான்காவது நாளுக்குப் பிறகு

காட்டில் காசில்லாமல் தங்குவதை விடுமுறை என்று மட்டுமே இதுவரை பேசினோம். அதை வீடாக ஆக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒரேகன் மாநிலத்தில் பெண்ட் என்றொரு நகரம் இருக்கிறது. அழகான ஊர். பணக்காரர்கள் வந்து குடியேற, வீட்டு வாடகை சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஊரின் தெற்கே டெஷூட்ஸ் தேசிய வனத்துக்குள் சைனா ஹெட் வீதி ஓரமாகப் பழைய வாகனங்களிலும் கூடாரங்களிலும் வாழத் தொடங்கினார்கள். காட்டில் குடியிருப்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை, 14 நாள் விதியும் இருக்கிறது. ஆனாலும் சிலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஊருக்குள் வேலைக்குப் போய்வருபவர்களும் உண்டு, நோயாளிகளும் உண்டு.

2025 மே மாதம் 1ஆம் திகதி வன சேவை அந்தப் பகுதியை மூடியது. காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்கப் பற்றைகளையும் நெருங்கி வளர்ந்த மரங்களையும் அகற்றும் வேலை நடக்கப் போகிறது, ஆட்கள் அங்கே இருப்பது ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணம். அங்கிருந்த சிலர் நீதிமன்றத்தை நாடினார்கள். தடையுத்தரவு கிடைக்கவில்லை. ஓடக்கூடிய வாகனம் வைத்திருந்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓடாத வாகனம் வைத்திருந்தவர்களின் பாடுதான் பெரும்பாடு.

நடுநிலையாகப் பார்த்தால் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. குளிருக்கு நெருப்பு மூட்டும் கூடாரங்கள் வரண்ட காட்டில் இருப்பது பக்கத்து ஊருக்கே அச்சுறுத்தல். ஷுல்ட்ஸ் மலையில் நடந்ததை இப்போதுதான் பார்த்தோம். ஆனால் காட்டிலிருந்து எழுப்பிவிட்ட மனிதருக்குப் படுக்க வேறு இடம் எங்கே என்ற கேள்விக்கு வன சேவையிடம் விடை இல்லை. அது வன சேவையின் வேலையும் அல்ல. வேலை யாருடையது என்பதில்தான் நகரசபையும் மாநிலமும் மத்திய அரசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கூட்டம் அதிகரித்ததால் விடுமுறைக்கு வருபவர்களுக்கும் காடு சுருங்கி வருகிறது. 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் ஹோட்டல்களுக்குப் போக அஞ்சியவர்கள் காடுகளுக்குத் திரண்டு வந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு குழி தோண்டவும் தெரியாது, குப்பையைத் திரும்பக் கொண்டுபோகவும் தெரியாது. அரிசோனாவின் செடோனா பக்கத்திலும் கொலராடோவின் சில பகுதிகளிலும் இன்று நினைத்த இடத்தில் தங்க முடியாது. கம்பம் நட்டு அடையாளமிட்ட இடங்களில் மட்டும்தான். அவை நிரம்பிவிட்டால் வேறிடம் தேட வேண்டும்.

ஆகவே, உங்கள் மகளோ மருமகனோ இந்தக் கோடையில் காட்டுக்குப் போவதாகச் சொன்னால், புறப்படுமுன் அந்த வனத்தின் ரேஞ்சர் அலுவலகத்துடன் பேசச் சொல்லுங்கள். எந்த வீதி திறந்திருக்கிறது, நெருப்புக்குத் தடை இருக்கிறதா, கரடிப் பெட்டி கட்டாயமா என்று மூன்றையும் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பல அலுவலகங்கள் சனி, ஞாயிறு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு முன் பேசிவிட வேண்டும்.